கேள்வியா, குழுவா, நம்பிக்கையில்லாத் தீர்மானமா? அரசைப் பதில் சொல்ல வைக்க எதை எப்போது எடுப்பது

ஒரு துறையில் தவறு நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கையில் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. சபை உறுப்பினர் ஒருவர் உங்களை உட்காரவைத்துக் கேட்கிறார்: "சரி, எழுப்புகிறேன். எப்படி எழுப்பட்டும்?"

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சங்கம் நடத்துகிறவர்கள், களத்தில் தகவல் திரட்டுகிறவர்கள், சட்டம் படிக்கும் மாணவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலோர் மனத்தில் முதலில் வருவது பெரிய ஆயுதம்: விசாரணைக் குழு வேண்டும், அமைச்சர் விலக வேண்டும், அரசு கவிழ வேண்டும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சத்தம் அதிகம் வரும் கருவி வேறு, பதிலை வரவழைக்கும் கருவி வேறு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். அந்தக் கண்ணோட்டத்தில்தான் கீழே ஒப்பிட்டிருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

என்ன வேண்டும்? தகவலா, தவறு திருத்தப்படுவதா, பணம் நிறுத்தப்படுவதா, ஒருவர் பதவி இறங்குவதா? இந்த நான்குக்கும் ஒரே வழி கிடையாது. இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் கிளம்பினால் பாதி வேலை வீண்.

யாரால் தொடங்க முடியும்? ஒரே உறுப்பினர் போதுமா, நாலில் ஒரு பங்கு வேண்டுமா, பெரும்பான்மையே வேண்டுமா? நாடாளுமன்ற முறையில் பெரும்பான்மை என்பதே அரசின் கையில்தான் இருக்கிறது. அதனால் பெரும்பான்மை கேட்கும் எந்தக் கருவியும், யாரைக் கேள்வி கேட்கிறோமோ அவருடைய சம்மதத்தைக் கேட்கிறது என்றே அர்த்தம்.

பதிவில் என்ன மிஞ்சும்? தோற்றாலும் எழுத்தில் ஏதாவது தங்குகிறதா? அமைச்சரின் வாயிலிருந்து வந்த வாக்கியம், அதிகாரியின் சாட்சியம், ஒரு புள்ளிவிவரம் என்று ஏதாவது?

எவ்வளவு காலம்? தோற்றால் என்ன விலை? கடைசி அளவுகோலை யாரும் பார்ப்பதில்லை. பின்னால் வருந்த வைப்பது பெரும்பாலும் அதுதான்.

## கேள்வி

இருப்பதிலேயே மலிவான வழி. ஒரே உறுப்பினர் போதும், வாக்கெடுப்பு கிடையாது. வரும் பதில் நிரந்தரமாகச் சபைக் குறிப்பில் இருக்கும். சபையில் வேண்டுமென்றே பொய் சொல்வது உரிமை மீறல் என்பதால், பத்திரிகையாளர் சந்திப்பில் சொல்வதைவிட இங்கே அமைச்சர் நிதானமாகவே பேசுவார்.

சிறிய கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1957ஐப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு முன்புதான் தொடங்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. மக்களவையில் அதைப் பற்றிக் கேள்வி வந்தது. நேரான பதில் வரவில்லை. பெரோஸ் காந்தி விடவில்லை. ஆளும் கட்சி உறுப்பினர், அதுவும் பிரதமரின் மருமகன். டிசம்பரில் விவாதமாகவே அதை எழுப்பினார். நீதிபதி சாக்ளா தலைமையில் பொது விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அரசு கவிழவில்லை, யாரும் கட்சி மாறவில்லை. மழுப்பலான ஒரு பதிலை அப்படியே விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டதுதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது.

மறைவான செலவுகளும் உண்டு. முதலாவது, குலுக்கல்: எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்கும், 230 கேள்விகள் எழுத்துப் பதிலுக்கும் பட்டியலாகின்றன. ஒரு மணி நேரத்தில் அந்த 20இல் நாலைந்துக்குத்தான் சபையில் பதில் வரும். இரண்டாவது, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம் என்றால் கேள்வியே அனுமதிக்கப்படாமல் போகலாம். வழக்கு போட்டுவிட்டு அப்புறம் கேள்விக்கு வருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவதுதான் மோசமானது: கேள்வி தளர்வாக இருந்தால், தளர்வான பதில் அதிகாரபூர்வப் பதிலாகிவிடும். அதன் பிறகு "இதற்கு ஏற்கெனவே பதில் தந்தாயிற்று" என்று கதவை மூடுவது சுலபம்.

ஓய்வூதியம் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஓய்வூதியம் தாமதமாவதை அரசு அறியுமா, என்ன நடவடிக்கை?" என்று கேட்டால், "அரசு உரிய நடவடிக்கை எடுத்து வருகிறது" என்று பதில் வரும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: குறிப்பிட்ட தேதியன்று 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்கள் எத்தனை, மாவட்டவாரியாக, அவற்றில் ஆவணக் குறையால் நிற்பவை எத்தனை, நிதி இல்லாமல் நிற்பவை எத்தனை, எந்தத் தேதிக்குள் தீரும்? இதற்கு மழுப்பலாகப் பதில் சொன்னால், மழுப்பினார்கள் என்பதே பதிவாகிவிடும். துணைக் கேள்விக்கு அதுவே பிடி.

ஒரு எச்சரிக்கை. கேள்வி என்றதும் பிரிட்டனில் புதன்கிழமை நண்பகலில் நடக்கும் பிரதமர் கேள்வி நேரத்தைத்தான் பலர் நினைக்கிறார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அதில் புதிதாகத் தகவல் வெளிவருவது குறைவு. உங்களுக்கு வேண்டியது எண் என்றால் எழுத்துக் கேள்வியே மேல்.

## நிலைக்குழு

ஒரு துறையைத் தொடர்ந்து கண்காணிக்கும் உறுப்பினர்களின் குழு இது. சபையில் கேள்வி கேட்டால் ஒன்றிரண்டு துணைக் கேள்வியோடு முடிந்துவிடும். குழுவில் ஒருவரை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேட்கலாம். எனக்கு எல்லாவற்றிலும் அதிக நம்பிக்கை இருக்கும் கருவி இது.

2018 ஏப்ரல் 25. பிரிட்டனின் உள்துறைக் குழு முன் அமைச்சர் ஆம்பர் ரட் அமர்ந்திருக்கிறார். பல பத்தாண்டுகளுக்கு முன்பு கரீபியன் நாடுகளிலிருந்து முறைப்படி வந்து குடியேறியவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தப்பட்டது பற்றிய விசாரணை. சற்று முன்புதான் குடிவரவு அதிகாரிகள் சங்கத்தின் பிரதிநிதி, ஆட்களை வெளியேற்ற இலக்கு வைத்திருந்தார்கள் என்று அதே குழுவிடம் சொல்லியிருந்தார். அதை வைத்துத் தலைவர் இவெட் கூப்பர் கேட்டார்: இலக்கு உண்டா? நாங்கள் அப்படிச் செயல்படுவதில்லை என்ற பொருளில் அமைச்சர் பதில் சொன்னார். மறுநாளே உள்ளூர் அளவில் இலக்குகள் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. பிறகு, வெளியேற்றத்தைக் கூட்டுவது பற்றி அவரே பிரதமருக்கு எழுதிய கடிதமும் வெளியானது. 29ஆம் தேதி இரவு பதவி விலகினார். குழுவைத் தெரியாமல் தவறாக வழிநடத்திவிட்டதாகவே காரணம் சொன்னார்.

அமைச்சர் வருவதற்கு முன்பே அடிமட்டம் தெரிந்த ஒருவரை அழைத்துக் கேட்டதுதான் அந்தக் குழுவின் பலம். உங்களிடம் அப்படிப்பட்ட சாட்சி இருந்தால், குழுவைத் தவிர வேறு எங்கும் அவருக்கு இவ்வளவு மதிப்புக் கிடைக்காது.

குழுவுக்குக் குழு வித்தியாசம் நிறைய. பிரிட்டனில் துறைசார் குழுக்கள் 1979இல் வந்தன. 2010 முதல் பெரும்பாலான குழுத் தலைவர்களை முழுச் சபையும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. அதனால் தலைவருக்குத் தன் கட்சியின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. விசாரணைகளும் பெரும்பாலும் திறந்த கதவுகளோடு நடக்கின்றன. இந்தியாவில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் 17 ஆகத் தொடங்கி 2004இல் 24 ஆயின. அவை மூடிய அறையில் கூடுகின்றன. முன்னால் வந்து பதில் சொல்பவர்கள் அமைச்சர்கள் அல்ல, துறைச் செயலாளர்கள். மூடிய கதவுக்கும் ஒரு பயன் உண்டு. கேமரா இல்லாததால் கட்சி எல்லை சற்றுத் தளரும், அதிகாரிகளும் கொஞ்சம் திறந்து பேசுவார்கள். ஆனால் அங்கே யார் என்ன சொன்னார் என்பது வெளியே இருக்கும் நமக்கு உடனே கிடைக்காது.

எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் அறிக்கைக்கு எடை என்பதால், கூர்மையான வரிகள் மழுங்குவது வழக்கம். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது; ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

## பொதுக்கணக்குக் குழு

விஷயம் செலவான பணம் என்றால் இதுதான் வீடு. பிரிட்டனில் 1861இல் உருவானது, இந்தியாவில் 1921இல். தணிக்கைத் துறையின் அறிக்கை கையில் இருப்பதால் குழு வெறுங்கையோடு உட்காருவதில்லை. இரண்டு நாடுகளிலும் தலைவர் பொறுப்பு எதிர்க்கட்சிக்கு என்பது மரபு. இந்தியாவில் அது 1967 முதல்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். செலவு நடந்து, தணிக்கை நடந்து, அறிக்கை சபைக்கு வந்து, குழு அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று துறை மாறியிருப்பார். நாளை போடப்போகும் ஒப்பந்தத்தை நிறுத்த இங்கே வராதீர்கள். போன ஒப்பந்தம் போலவே அடுத்ததும் போடப்படக் கூடாது என்றால் வாருங்கள்.

## சிறப்பு விசாரணைக் குழு

இதில் எல்லாமே ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: அமைக்க யாருடைய சம்மதம் வேண்டும்? ஜெர்மனியின் அரசியலமைப்பு 44ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றக் கீழவையின் நாலில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் விசாரணைக் குழு அமைத்தே ஆகவேண்டும். எதிர்க்கட்சிக்கு இது உரிமை. பெரும்பான்மை சம்மதித்தால்தான் குழு என்ற நாடுகளில் இது பேரம்.

அந்தப் பேரத்தின் விலையை 2010இல் இந்தியாவில் பார்த்தோம். கைபேசி நிறுவனங்களுக்கு அலைக்கற்றை ஒதுக்கியது பற்றித் தணிக்கை அறிக்கை வந்ததும் எதிர்க்கட்சிகள் இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய கூட்டுக்குழு கேட்டன. பொதுக்கணக்குக் குழுவே போதும் என்றது அரசு. எந்தக் கருவி என்ற சண்டையிலேயே குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறத்தாழ முழுவதும் போனது. கேள்வி நேரமும் அதோடு சேர்ந்து போனது. 2011இல் கூட்டுக்குழு அமைந்தது. ஆனால் குழுவில் இடங்கள் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிவதால், அறிக்கையும் அந்தப் பலத்தின்படியே வந்தது. எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம் இது: அரசைக் கேட்க வேண்டிய அத்தனை நாட்களும் எப்படிக் கேட்பது என்ற வாதத்தில் கரைந்தன.

கிடைத்துவிட்டால் இதன் வீச்சு வேறெதற்கும் இல்லை. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தை விசாரிக்க அமெரிக்க செனட்டின் குழு 1973 பிப்ரவரியில் 77-0 என்ற வாக்கில் அமைந்தது. ஆவணத்தைக் கேட்டுப் பெறவும், சாட்சியைச் சத்தியத்தின் பேரில் விசாரிக்கவும் அதிகாரம், முழுநேர ஊழியர்கள் எல்லாம் இருந்தன. ஜூலை 16 அன்று அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு என்ற முன்னாள் வெள்ளை மாளிகை உதவியாளரிடம், அதிபர் அறையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். அந்த நாடாக்கள்தான் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதிபர் நிக்சனை வீட்டுக்கு அனுப்பின. சில நாட்கள் முன்பு குழுவின் ஊழியர்கள் தனியறையில் அவரிடம் பொறுமையாகப் பேசியதில்தான் அந்த விஷயம் முதலில் வெளிப்பட்டது.

## பணத்தை மறுப்பது

சபையின் அனுமதி இல்லாமல் அரசால் செலவழிக்க முடியாது. காகிதத்தில் இதைவிட வலுவான கருவி இல்லை. 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனாவில் போர் நடவடிக்கைக்குப் பணம் கிடையாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. கம்போடியா மீது குண்டு வீசுவது அன்றோடு நின்றது.

நாடாளுமன்ற முறையில் இதே அதிகாரம் பெரும்பாலும் சடங்காகிவிடுகிறது. ஒரு துறை செலவுக்குக் கேட்கும் தொகையை (அதைத்தான் மானியம் என்கிறார்கள்) குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் நிறைவேறினால் அரசு பெரும்பான்மையை இழந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். அதனால் ஆளும் கட்சி அதை நிறைவேற விடாது. கொள்கையை எதிர்த்தால் மானியத்தை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். குறிப்பிட்ட குறையைச் சுட்ட 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். அந்த 100 ரூபாய் வெட்டு எனக்குப் பிடித்த ஏற்பாடு: தோற்பது நிச்சயம், ஆனால் உங்கள் குறை அச்சில் ஏறும், அமைச்சர் பதிலுரையில் அதைத் தொட வாய்ப்பு உண்டு. விவாதம் நடந்தால்தான் இந்தப் பலனும். 2018இலும் 2023இலும் மக்களவையில் எல்லா மானியக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் மொத்தமாக வாக்குக்கு விடப்பட்டன.

உண்மையாகவே பணத்தை நிறுத்தினால் அடி யார் மேல் விழும் என்பதையும் யோசியுங்கள். 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை அமெரிக்க அரசின் ஒரு பகுதி 35 நாட்கள் மூடிக்கிடந்தது. ஏறத்தாழ 8 லட்சம் ஊழியர்கள் சம்பளமில்லாமல் இருந்தார்கள். சண்டை மெக்சிகோ எல்லைச் சுவருக்கு, பட்டினி அவர்களுக்கு. ஒரே ஒரு செலவினத்துக்கான பணத்தைக் குறிவைத்து நிறுத்த முடிந்தால் மட்டும் இந்த வழியை எடுங்கள்.

## நம்பிக்கையில்லாத் தீர்மானம்

ஒரு வாக்கில் அரசு போகும். 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் காலகன் அரசு 311-310 என்று தோற்றது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாயி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 269-270 என்று விழுந்தது. இந்தக் காட்சிகள் மனத்தில் பதிந்திருப்பதால்தான் எல்லோரும் இதைத் தேடுகிறோம். ஆனால் இந்திய மக்களவையில் 1963இல் கிருபளானி கொண்டுவந்த முதல் தீர்மானம் 62-347 என்று தோற்றது. அறுதிப் பெரும்பான்மை உள்ள அரசுக்கு எதிராக வழக்கமாக நடப்பது இதுதான். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும். மனசாட்சிப்படி வாக்களிக்க நினைக்கும் ஆளும் கட்சி உறுப்பினருக்கும் வழி இல்லை.

ஜெர்மனியில் இன்னொரு பூட்டும் உண்டு: அடுத்த பிரதமர் யார் என்று அதே வாக்கில் தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை இறக்க முடியும். 1972இல் பிரதமர் வில்லி பிராண்டுக்கு எதிராக இரண்டு வாக்கில் தவறியது. 1982இல் ஷ்மிட் இறங்கி கோல் வந்தார். கூட்டாட்சி அளவில் வெற்றி பெற்றது அந்த ஒரு முறைதான். ஸ்பெயினிலும் இதே ஏற்பாடு, அங்கே 2018 ஜூனில் பிரதமர் ரஹோய் இறங்கினார். இந்தப் பூட்டு எனக்கு நியாயமாகப் படுகிறது. இறக்குவதற்கு மட்டும் ஒன்றுசேர்ந்து, நடத்துவதற்குச் சேராத கூட்டத்திடமிருந்து அது நாட்டைக் காக்கிறது.

இதன் மறைவான செலவு: எல்லாத் துறைகளின் எல்லாத் தவறுகளும் ஒரே விவாதத்தில் கொட்டப்படுகின்றன. உங்கள் ஓய்வூதியப் பிரச்சினைக்கு அதில் அரை நிமிடம். தோற்றதும் "சபையே எங்களை நம்புகிறது" என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். அரசுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களும் வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

தோற்பது தெரிந்தும் எடுக்க வேண்டிய சமயம் ஒன்று உண்டு: தலைவர் வாயே திறக்காதபோது. 2023 ஆகஸ்டில் மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமரைச் சபையில் பேசவைக்க எதிர்க்கட்சிகள் இதைத்தான் செய்தன. தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. பிரதமர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார்.

அதிபர் முறையில் இதன் இடத்தில் இருப்பது குற்றவிசாரணை வழியான பதவிநீக்கம். அமெரிக்காவில் மூன்று அதிபர்கள் அதைச் சந்தித்தார்கள், ஒருவரையும் செனட் இறக்கவில்லை. தென்கொரியாவில் இறுதி முடிவு அரசியலமைப்பு நீதிமன்றத்திடம். 2017இலும் 2025இலும் அதிபர்கள் அப்படி இறங்கினார்கள். தீர்ப்பு அரசியல்வாதிகளிடமே இருக்கிறதா, நீதிமன்றத்துக்குப் போகிறதா என்பது முக்கியமான வித்தியாசம்.

## ஒரே பார்வையில்

| வழி | தொடங்க யார் வேண்டும் | எதற்குப் பொருத்தம் | காலம் | தோற்றால் |
|---|---|---|---|---|
| கேள்வி | ஒரு உறுப்பினர் | தகவல், ஒப்புதல், உறுதிமொழி | வாரங்கள் | மழுப்பல் பதிலே அதிகாரபூர்வமாகிவிடும் |
| நிலைக்குழு | குழுவின் சம்மதம் | சாட்சியம், கொள்கைத் திருத்தம் | மாதங்கள் | மழுங்கிய அறிக்கை |
| பொதுக்கணக்குக் குழு | தணிக்கை அறிக்கை | செலவான பணம் | பெரும்பாலும் ஆண்டுகள் | பொறுப்பானவர் போய்விட்டிருப்பார் |
| சிறப்பு விசாரணை | நாட்டைப் பொறுத்து நாலில் ஒன்று அல்லது பெரும்பான்மை | மறைக்கப்பட்ட பெரிய தவறு | ஒரு வருடமும் மேலும் | கட்சிவாரி அறிக்கை, வீணான கூட்டத்தொடர் |
| பணம் மறுப்பு | பெரும்பான்மை | குறிப்பிட்ட ஒரு செயலை நிறுத்த | பட்ஜெட் காலம் | அப்பாவிகள் மேல் சுமை |
| நம்பிக்கையில்லாத் தீர்மானம் | கொண்டுவரச் சிலர், வெல்லப் பெரும்பான்மை | அரசை மாற்ற, தலைவரைப் பேசவைக்க | நாட்கள் | அரசுக்குப் புது பலம் |

## அப்படியானால் எதை எடுப்பது?

கையில் இருப்பது சந்தேகம் மட்டும் என்றால் எழுத்துக் கேள்வி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சாட்சி சொல்லத் தயாராக ஒரு ஆள் இருந்தால் நிலைக்குழுவுக்கு மனு. தணிக்கை அறிக்கையில் ஒரு பத்தி ஏற்கெனவே உங்கள் விஷயத்தைத் தொட்டிருந்தால் பொதுக்கணக்குக் குழு. ஆவணங்களை அரசு பூட்டிவைத்திருக்கிறது, வேறு எங்கும் கிடைக்காது என்ற நிலையில்தான் சிறப்பு விசாரணை. கூட்டணிக்குள் விரிசல் இருந்தால் மட்டும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வெல்லலாம்.

வரிசையும் முக்கியம். 1957இல் கேள்வி, விவாதம், விசாரணை, பதவி விலகல் என்று படிப்படியாகத்தான் போனது. முதலில் ஒரு பதிலைப் பதிவில் ஏற்றுங்கள். பெரிய கருவிக்குப் போகும்போது அந்தப் பதில்தான் உங்கள் முதல் ஆதாரம்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு துணைக் கருவி. மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்" போன்ற தொடர்களை அது உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். பல மாநிலச் சட்டமன்றங்களிலும் இதே குழு உண்டு. எனவே பதில் வந்த அன்றே அச்சுப் பிரதி எடுத்து, அப்படிப்பட்ட வாக்கியத்தின் கீழ் கோடு போடுங்கள். மூன்று மாதம் எண்ணித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் உங்கள் உறுப்பினரிடம் அதே தாளோடு போய் நில்லுங்கள்.